படிக்கத்தான் திறந்தேன்; கணக்கு மாறிவிட்டது!

ஆயிரம் ரூபாய் எங்கே போயிற்று?

இந்த ஒரு கேள்வியால் கீழ்பென்னாத்தூரில் ஒரு தெருவில் அடுத்தடுத்த இரண்டு வீட்டார் 12 நாட்கள் முகம் கொடுத்துப் பேசவில்லை. இந்த வீட்டுக் குழந்தை அந்த வீட்டுத் திண்ணைக்குப் போகவில்லை. அந்த வீட்டுக் குழம்பு இந்த வீட்டுக்கு வரவில்லை.

உண்மையில் பணத்தை யாரும் எடுக்கவில்லை. சங்கப் பணத்தில் ஒரு காசு குறையவில்லை. ஒரு செல்போனில் ஓர் இலக்கம் காணாமற்போயிருந்தது. அவ்வளவுதான்!

அந்த இலக்கம் எப்படிப் போனது என்பதைத்தான் இந்த வாரம் சொல்லப் போகிறேன். செல்போனில் கணக்கும் குறிப்பும் எழுதி வைக்கும் எல்லோருக்கும் இது உபயோகமான சங்கதி.

அக்கா வீட்டில்

திருவண்ணாமலையிலிருந்து செஞ்சி போகும் சாலையில் இருக்கிறது கீழ்பென்னாத்தூர். தாலுகாவுக்குத் தலைமை ஊர். சுற்றிலும் நெல்லும் கரும்பும் மல்லாட்டையும் விளையும் பூமி. வேர்க்கடலையைத்தான் அந்தப் பக்கம் மல்லாட்டை என்பார்கள். “கடலை இருக்கிறதா?” என்று கேட்டால், இவர் வெளியூர் என்று உடனே தெரிந்துகொள்வார்கள்!

அங்கே எனக்கு அக்கா முறையில் ஒருவர் இருக்கிறார். எட்டாவது வரை படித்தவர். மகளிர் சுய உதவிக் குழுவில் கணக்குப் பார்ப்பவர். குழுவில் 14 பேர். மாதம் ஒரு கூட்டம். சேமிப்பு வாங்குவது, கடன் கொடுப்பது, வட்டி வசூலிப்பது, எல்லாவற்றையும் தீர்மானப் புத்தகத்திலும் ரொக்கப் புத்தகத்திலும் பேரேட்டிலும் எழுதி வைப்பார்.

புத்தகம் ஒரு பக்கம் இருந்தாலும், செல்போனிலும் ஒரு குறிப்பு வைத்திருந்தார். யார் யார் எவ்வளவு பாக்கி என்று 14 வரி. சந்தைக்குப் போனாலும், காட்டுக்குப் போனாலும், வழியில் யாராவது “எனக்கு எவ்வளவு பாக்கி?” என்று கேட்டால் எடுத்துப் பார்த்துச் சொல்லிவிடலாம் அல்லவா?

நல்ல யோசனைதான். ஆனால் அதிலேதான் வினை வந்தது.

பேரேடும் உறுப்பினர்களின் பாஸ் புத்தகங்களும் தணிக்கைக்குப் போயிருந்த சமயம். கூட்டம் கூடியது. அக்கா செல்போனைத் திறந்து ஒவ்வொருவர் பாக்கியாகப் படித்தார். பக்கத்து வீட்டு அம்மாள் முறை வந்தது. அவர் அக்காவுக்கு நாத்தனார்.

அக்கா கண்ணை இடுக்கிக்கொண்டு படித்தார்: “நானூறு ரூபா.”

படித்த பிறகுதான் அவருக்கே திடுக்கிட்டது. 400 இல்லையே, 1400 அல்லவா?

“இரு, இரு. ஆயிரத்து நானூறு. தப்பாப் படிச்சிட்டேன்” என்றார்.

நாத்தனார் எட்டிப் பார்த்தார். திரையில் 400 என்றுதான் இருந்தது.

“என்ன அண்ணி இது? நீங்க எழுதினதை நீங்களே இல்லைங்கறீங்க! நான் போன மாசம் ஆயிரம் கட்டினேனே, அதுதான் கழிஞ்சிருக்கு!”

“நீ கட்டினது அதுக்கு முந்தின மாசம். அதைக் கழிச்சுத்தான் ஆயிரத்து நானூறு.”

“அப்போ என் ஆயிரம் எங்கே?”

இப்படித்தான் ஆரம்பித்தது. அப்புறம் பழைய கதைகளெல்லாம் வெளியே வந்தன. கல்யாணத்தில் சீர் குறைந்தது முதல் கிணற்றடி வாய்க்கால் வரை!

எழுதினது யார்?

12 நாள் கழித்துப் பேரேடு திரும்பி வந்தது. அதில் மையால் எழுதியிருந்தது: பாக்கி 1400. பாஸ் புத்தகத்திலும் அதுவே. நாத்தனார் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் காலையில் ஒரு முறம் மல்லாட்டையை அக்கா வீட்டுத் திண்ணையில் வைத்துவிட்டுப் போனார். அந்தப் பக்கத்தில் மன்னிப்புக் கேட்பது அப்படித்தான் போலிருக்கிறது.

நான் போன சமயம் அந்த மல்லாட்டையைத்தான் அவித்துக் கொடுத்தார்கள். அக்காவுக்கு மட்டும் மனம் ஆறவில்லை. செல்போனை என் முன்னால் வைத்துக் கேட்டார்:

“ஏன் தம்பி, நான் படிக்கத்தானே திறந்தேன்? எழுதினது யாரு?”

இந்தக் கேள்வியைக் கேட்டு நான் சற்று நேரம் திகைத்துப் போனேன். எத்தனை நேரான கேள்வி! பெரிய பெரிய கம்ப்யூட்டர் விஞ்ஞானிகள் பல வருஷம் மண்டையை உடைத்துக்கொண்ட கேள்வியும் இதுதான்.

செல்போனை வாங்கிப் பார்த்தேன். குறிப்பைத் தொட்டேன். குறிப்பு திறந்தது. திறந்த உடனே கீழே எழுத்துப் பலகையும் எழும்பி வந்து நின்றது. எழுத்துகளுக்கு நடுவே ஒரு கோடு மின்னி மின்னி நின்றது. ‘எழுது, எழுது’ என்று அவசரப்படுத்துகிற கோடு!

அக்காவின் கட்டைவிரல் 1 என்ற இலக்கத்துக்குப் பக்கத்தில் பட்டிருக்கிறது. கோடு அங்கே போய் நின்றிருக்கிறது. பிறகு செல்போனை இடுப்பில் செருகும்போதோ, மடியில் கிடந்த பேரன் தட்டியபோதோ, அழிக்கும் பொத்தான் ஒரு தடவை அழுந்தியிருக்கிறது. 1 போய்விட்டது. செயலியும் சமர்த்தாக, யாரையும் கேட்காமல், மாற்றத்தை உடனே சேமித்துக்கொண்டது. கதை முடிந்தது.

அந்தச் செயலியின் பெயர் நமக்கு வேண்டாம். அதில் படிப்பதற்கு என்று தனிக் கோலம் கிடையாது. திறந்தால் எழுதும் கோலந்தான்.

பேரேட்டை யோசித்துப் பாருங்கள். அதைத் திறந்து நாள் முழுவதும் மடியில் வைத்திருந்தாலும் ஓர் எழுத்து மாறாது. எழுத வேண்டுமானால் பேனாவை எடுத்து மூடியைக் கழற்ற வேண்டும். அந்தக் காலத்து ஓலைச்சுவடியில் இன்னும் பந்தோபஸ்து. எழுத்தாணி இல்லாமல் ஒரு கீறல் விழாது. படிப்பது வேறு, எழுதுவது வேறு என்று கருவியே பிரித்து வைத்திருந்தது. செல்போனில் இரண்டுக்கும் ஒரே விரல்!

டீக்கடையில் பாருங்கள்

இதற்கு வழி இருக்கிறதா? இருக்கிறது. அதற்கு முன் ஒரு வார்த்தையைத் தெரிந்துகொள்ள வேண்டும். ‘டிஃபால்ட்’ என்பது அந்த வார்த்தை. தமிழில் ‘இயல்பிருப்பு’ என்றும் ‘முன்னிருப்பு’ என்றும் எழுதுகிறார்கள்.

பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. பஸ் நிறுத்தத்து டீக்கடைக்குப் போய் “ஒரு டீ” என்கிறீர்கள். என்ன வருகிறது? பாலும் சர்க்கரையும் போட்ட டீ. நீங்கள் சர்க்கரை கேட்டீர்களா? கேட்கவில்லை. கேட்காதவர்களுக்கு அதுதான் என்று கடைக்காரர் முன்னாலேயே முடிவு செய்து வைத்திருக்கிறார். சர்க்கரை வேண்டாம் என்றால் நீங்கள்தான் வாயைத் திறந்து சொல்ல வேண்டும். அதுதான் டிஃபால்ட்.

நம்மில் பெரும்பாலோர் வாயைத் திறப்பதில்லை என்பதுதான் இதில் விசேஷம். எதைக் கொடுத்தாலும் குடித்துவிட்டுப் போகிறோம். டீயில் மட்டும் அல்ல, உயிர் போகும் விஷயத்திலும் இப்படித்தான்.

எரிக் ஜான்சன், டேனியல் கோல்ட்ஸ்டைன் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் 2003-ல் ஒரு கணக்கை வெளியிட்டார்கள். இறந்த பிறகு உடல் உறுப்புகளைத் தானம் செய்யச் சம்மதித்தவர்கள் ஜெர்மனியில் 100-க்கு 12 பேர். பக்கத்து நாடான ஆஸ்திரியாவில் 100-க்கு 99.98 பேர்! ஆஸ்திரியக்காரர்கள் அத்தனை பேரும் வள்ளல்களா? அல்ல. ஜெர்மனியில் ‘சம்மதம்’ என்று தாமாக முன்வந்து சொன்னால்தான் கணக்கில் சேர்ப்பார்கள். ஆஸ்திரியாவில் ‘வேண்டாம்’ என்று சொல்லாத எல்லோரும் சம்மதித்தவர்களே. பேசாமல் இருந்தவர்கள் இரண்டு நாட்டிலும் உண்டு. பேசாதவர்களுக்கு என்ன அர்த்தம் என்பதில்தான் வித்தியாசம்.

அக்காவும் பேசாமல் இருந்தவர்தான். குறிப்பு திறந்தால் எந்தக் கோலத்தில் நிற்க வேண்டும் என்று அவரை யாரும் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. செயலியைச் செய்தவர்கள் முடிவு செய்துவிட்டார்கள்.

ஒரு வார்த்தையால் அழிந்த கடிதம்

‘படிக்கும் நிலை’, ‘எழுதும் நிலை’, ‘கட்டளை நிலை’ என்ற இந்தத் தகராறு 50 வருஷத்துக்கு மேல் பழையது.

அமெரிக்காவில் கலிபோர்னியாவில் பாலோ ஆல்டோ என்று ஓர் ஊர். அங்கே ஜெராக்ஸ் கம்பெனிக்கு ஓர் ஆராய்ச்சிக்கூடம் இருந்தது. பட்லர் லாம்ப்ஸன், சார்லஸ் சிமோனி என்ற இருவர் 1974-ல் அங்கே ‘பிராவோ’ என்ற எழுதும் புரோகிராமைச் செய்தார்கள். காகிதத்தில் எப்படி அச்சாகுமோ அப்படியே திரையில் தெரிந்தது. அதுவரை அப்படி ஒன்றை உலகம் கண்டதில்லை.

ஆனால் அதில் ஒரு பொல்லாத குணம் இருந்தது. கட்டளை நிலையில் இருக்கும்போது ஒவ்வோர் எழுத்தும் ஒரு கட்டளை. ‘இ’ ஒலியுள்ள ஆங்கில எழுத்தைத் தட்டினால் ‘எல்லாவற்றையும் தேர்ந்தெடு’ என்று அர்த்தம். ‘டி’ யைத் தட்டினால் ‘அழித்துவிடு’. ‘ஐ’ யைத் தட்டினால் ‘இனி வருவதை எழுது’.

எழுதும் நிலையில் இருப்பதாக நினைத்துக்கொண்டு ஒருவர் ‘எடிட்’ என்ற நான்கெழுத்து ஆங்கில வார்த்தையைத் தட்டினால் என்ன ஆகும்? முதல் எழுத்து, கடிதம் முழுவதையும் தேர்ந்தெடுக்கும். இரண்டாவது, அழிக்கும். மூன்றாவது, எழுதத் தயாராகும். நான்காவது எழுத்து மட்டும் திரையில் பரிதாபமாக நிற்கும்! ஒரு நாள் உழைப்பு போய், ஒற்றை எழுத்து மிச்சம். கம்ப்யூட்டர்காரர்கள் இன்றைக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கும் கதை இது. அக்காவிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. “பாவம், எவ்வளவு எழுதியிருந்தாங்களோ!” என்றார்.

அதே ஆராய்ச்சிக்கூடத்தில் லாரி டெஸ்லர் என்று ஒருவர் இருந்தார். வெட்டுவது, நகலெடுப்பது, ஒட்டுவது என்று இன்று செல்போனில் நாம் செய்கிறோமே, அந்த முறைக்கு உருக்கொடுத்தவர்களில் முக்கியமானவர். நிலைகள் என்றாலே அவருக்கு ஆகாது. இப்போது எந்த நிலையில் இருக்கிறோம் என்று மனிதன் நினைவில் வைத்துக்கொண்டே இருக்க வேண்டுமா, கூடாது என்பது அவர் கட்சி. ‘நிலைகள் வேண்டாம்’ என்ற பொருள்பட ஆங்கிலத்தில் தம் காரின் நம்பர் பலகையிலேயே எழுதி வைத்திருந்தார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்! 2020 பிப்ரவரியில் காலமானார்.

அவர் கட்சி ஜெயித்தது. அதனால்தான் இன்று பல செயலிகளில் திறந்ததும் எழுதலாம். எழுதுகிறவர்களுக்கு அது பெரிய சௌகரியம். ஆனால் படிக்க மட்டும் வருகிற அக்காவைப் போன்றவர்களை அந்தக் கட்சி அவ்வளவாக நினைக்கவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

சார்லஸ் சிமோனி பிறகு மைக்ரோஸாப்ட் கம்பெனிக்குப் போனார். 1983-ல் வெளிவந்த ‘வேர்ட்’ புரோகிராம் அவர் தலைமையில் உருவானது. வந்த பணத்தில் 2007-லும் 2009-லும் இரண்டு தடவை விண்வெளிக்கே போய்வந்தார். அது வேறு கதை.

அம்மாவுக்கு ஒன்று, மகளுக்கு ஒன்று

அக்காவுக்கு ஒரு மகள். திருவண்ணாமலையில் கல்லூரியில் படிக்கிறாள். நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போது பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தாள். விஷயத்தைக் கேட்டதும், “மாமா, நான் பாடக் குறிப்பு எழுதுறதுல இதுக்கு ஒரு வழி இருக்கு” என்று தன் கம்ப்யூட்டரை எடுத்தாள்.

அவள் உபயோகிப்பது ‘ஆப்ஸிடியன்’ என்ற புரோகிராம். கனடாவில் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் படித்த ஷிடா லி, எரிக்கா ஷூ என்ற இருவர் 2020-ல் வெளியிட்டது. அடுத்த வருஷமே செல்போனுக்கும் வந்துவிட்டது. சொந்த உபயோகத்துக்குக் காசு கிடையாது. எழுதுவது எல்லாம் நம் கருவியிலேயே ஒரு பெட்டியில் சாதாரணக் கோப்புகளாக இருக்கும். அந்தப் பெட்டிக்கு ‘வால்ட்’ என்று பெயர். பணம் வைக்கும் பெட்டகத்துக்குச் சொல்லும் வார்த்தைதான்.

இதில் ஒரு குறிப்பைப் பார்க்க இரண்டு கோலம் உண்டு. ஒன்று படிக்கும் கோலம், ‘ரீடிங் வியூ’. மற்றொன்று எழுதும் கோலம், ‘எடிட்டிங் வியூ’. மேலே மூலையில் ஒரு சிறு படம் இருக்கும். எழுதும் கோலத்தில் இருந்தால் புத்தகப் படம். அதைத் தொட்டால் படிக்கப் போகலாம். படிக்கும் கோலத்தில் இருந்தால் பென்சில் படம்; அதைத் தொட்டால் எழுதப் போகலாம்.

பேனா மூடி திரும்பக் கிடைத்துவிட்டது பார்த்தீர்களா? அந்தப் பென்சில் படந்தான் மூடி. அதைத் தொடாமல் பாக்கித் தொகையில் விரல் பட்டாலும் இலக்கம் அசையாது.

திறந்ததும் எந்தக் கோலம் என்பதையும் நாமே சொல்லி வைக்கலாம். அமைப்புகள் என்ற பல்சக்கரப் படத்தைத் தொட வேண்டும். அதில் ‘எடிட்டர்’ என்ற பகுதி. அங்கே ‘டிஃபால்ட் வியூ ஃபார் நியூ டேப்ஸ்’ என்று ஒரு வரி இருக்கும். புதிதாகத் திறக்கும் தாள் எந்தக் கோலத்தில் வர வேண்டும் என்று அர்த்தம். ‘ரீடிங் வியூ’ என்று மாற்றினால் வேலை முடிந்தது.

ஒன்றை மறக்கக்கூடாது. அது புதிதாகத் திறக்கும் தாளுக்குத்தான். ஏற்கெனவே திறந்து கிடக்கும் தாள் பழைய கோலத்திலேயே நிற்கும். அதை மூடிவிட்டுத் திரும்பத் திறக்க வேண்டும். இது தெரியாமல் நான் கால்மணி நேரம், “மாறவே இல்லையே” என்று முழித்தேன். மருமகள் பார்த்துச் சிரித்தாள்.

“உன் கம்ப்யூட்டரில் எந்தக் கோலம் வைத்திருக்கிறாய், பாப்பா?” என்று கேட்டேன்.

“எழுதற கோலந்தான். வாத்தியார் வேகமாச் சொல்லிக்கிட்டே போவார். தாளைத் திறந்ததும் எழுதணும். பென்சிலைத் தேடிக்கிட்டிருந்தா இரண்டு வரி போயிடும்.”

நியாயந்தானே! அம்மாவுக்குப் படிக்கும் கோலம் பாதுகாப்பு. மகளுக்கு அதுவே இடைஞ்சல். அம்மா ஒரு தடவை எழுதி முப்பது தடவை படிக்கிறார். மகள் முப்பது பக்கம் எழுதிவிட்டுப் பரீட்சைக்கு முந்தின நாள்தான் படிக்கிறாள்! செயலியைச் செய்தவர்கள் எந்தப் பக்கம் முடிவு செய்தாலும் ஒருவருக்குத் தொல்லைதான். ஆகவே முடிவை அவரவர் கையில் கொடுத்துவிட்டார்களே, அதுதான் கெட்டிக்காரத்தனம்.

எழுதும் கோலத்திலும் உள்ளுக்குள் இரண்டு வகை உண்டு. ஜான் க்ரூபர் என்பவர் 2004-ல் ‘மார்க்டவுன்’ என்ற எழுதும் முறையை வெளியிட்டார். வரியின் முதலில் வேலிக்குறி போட்டு எழுதினால் தலைப்பு. வார்த்தைக்கு இருபுறமும் இரண்டிரண்டு நட்சத்திரம் போட்டால் தடித்த எழுத்து. ஆப்ஸிடியன் அந்த முறையில் நடக்கிறது. ‘சோர்ஸ் மோட்’ என்றால் வேலியும் நட்சத்திரமும் அப்படியே கண்ணில் தெரியும். ‘லைவ் ப்ரிவ்யூ’ என்றால் குறிகள் மறைந்துகொண்டு, கோடு நிற்கும் இடத்தில் மட்டும் தலைகாட்டும். மகள் வைத்திருப்பது லைவ் ப்ரிவ்யூ. அக்கா அந்த நட்சத்திரங்களைப் பார்த்துவிட்டு, “இது என்னடி, கோலம் போட்டு வச்சிருக்கே?” என்றார். அவருக்கு அது தேவையே இல்லை.

பெட்டி இரண்டு

அக்கா உடனே ஒரு சந்தேகம் கேட்டார். கணக்குக்குப் படிக்கும் கோலம் சரி. ஆனால் தினம் பால் ஊற்றிய அளவைக் குறித்துக்கொள்கிறாரே, அதற்கு எழுதும் கோலந்தானே வசதி?

இதற்கும் வழி உண்டு. ஒரே செல்போனில் இரண்டு பெட்டிகள் வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு பெட்டிக்கும் அமைப்புகள் தனித்தனி. ‘குழு’ என்று ஒரு பெட்டி. அது படிக்கும் கோலத்தில் திறக்கும். ‘பால்’ என்று இன்னொரு பெட்டி. அது எழுதும் கோலத்தில் திறக்கும். மருமகள் பத்து நிமிஷத்தில் செய்து கொடுத்தாள்.

இன்னும் இரண்டு விஷயங்களை அவள் சொன்னாள். ஒன்று நல்ல செய்தி. ‘ஃபைல் ரெக்கவரி’ என்று ஒரு வசதி அதிலேயே இருக்கிறது. நாம் மாற்ற மாற்ற, 5 நிமிஷத்துக்கு ஒரு தடவை என்ற கணக்கில் பழைய பிரதியை எடுத்து வைக்கும். 7 நாள் வரை காப்பாற்றும். இதுவும் டிஃபால்ட்தான்! தப்பு நடந்து ஒரு வாரத்துக்குள் தெரிந்துவிட்டால் பழைய கணக்கைத் திரும்ப எடுத்துவிடலாம். அக்காவின் பழைய செயலியில், மூடித் திறந்த பிறகு பின்னால் போக வழி தெரியவில்லை.

இன்னொன்று எச்சரிக்கை. வேலைப் பட்டியலில் சரி போடும் சிறு கட்டங்கள் உண்டு அல்லவா? படிக்கும் கோலத்திலும் அந்தக் கட்டத்தைத் தொட்டால் சரிக்குறி விழும், எடுபடும். ஆகவே ‘பணம் கட்டியாயிற்று’ என்பதற்குக் கட்டம் வைக்கக் கூடாது. எழுத்தால் எழுதிவிட வேண்டும். இதைக் கேட்டதும் அக்கா, “அப்போ கட்டமே வேணாம்” என்று தீர்த்துவிட்டார்.

மற்றவற்றில்

ஆப்ஸிடியன்தான் வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. உங்கள் செல்போனில் இருப்பதை முதலில் திறந்து பாருங்கள். கூகிள் டாக்ஸ் செயலியில், முன்பு எழுதிய கடிதத்தைச் செல்போனில் திறந்தால் படிக்கும் கோலந்தான் வரும். பென்சிலைத் தொட்ட பிறகே எழுத விடும். புதுக் கடிதம் தொடங்கினால் மட்டும் நேராக எழுதலாம். இரண்டு நிலையையும் வேளையறிந்து பிரித்திருக்கிறார்கள்.

நம் தமிழ்நாட்டிலேயே பிறந்ததும் ஒன்று உண்டு. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஜோஹோ கம்பெனி 2016-ல் ‘நோட்புக்’ என்ற செயலியை வெளியிட்டது. எழுத்துக்கு ஓர் அட்டை, குரலுக்கு ஓர் அட்டை, படத்துக்கு ஓர் அட்டை என்று தனித்தனி. நோட்டுகளின் மேலட்டைகளை ஓவியர்களைக் கொண்டு வரைந்தார்கள். குறிப்புகளைக் கட்டங்களாகவும் பார்க்கலாம், பட்டியலாகவும் பார்க்கலாம். புதுக் குறிப்பு என்ன நிறத்தில் பிறக்க வேண்டும் என்பதையும் முன்கூட்டியே சொல்லி வைக்கலாம். அழகு பார்ப்பவர்களுக்குப் பிடிக்கும்.

மனு டைப் அடிக்கும் கடைகளில் ‘வேர்ட்’ தான் ராஜா. 2007 முதல் அதில் புதுக் காகிதம் திறந்தால் ‘கலிப்ரி’ என்ற ஆங்கில எழுத்து காத்திருக்கும். 2023-ல் அதற்குப் பதில் ‘ஆப்டோஸ்’ என்ற புதிய எழுத்தை அறிவித்தார்கள். இரண்டாலும் தமிழுக்கு லாபம் இல்லை. தமிழில் தட்டினால் லதாவோ நிர்மலாவோ வந்து நிற்கும். பிடிக்கவில்லையென்றால் ஒவ்வொரு மனுவுக்கும் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டியதில்லை. எழுத்துருப் பெட்டியைத் திறந்து, வேண்டிய எழுத்தையும் அளவையும் தேர்ந்து, ‘செட் ஆஸ் டிஃபால்ட்’ பொத்தானை அழுத்த வேண்டும். இந்தக் காகிதத்துக்கு மட்டுமா, எல்லாக் காகிதத்துக்குமா என்று கேட்கும். எல்லாவற்றுக்கும் என்றால் அன்று முதல் புதுக் காகிதம் எல்லாம் அந்தக் கோலத்திலேயே பிறக்கும். தமிழ் போன்ற எழுத்துகளுக்கு அந்தப் பெட்டியில் தனி இடம் உண்டு. ஆங்கிலத்துக்கான இடத்தில் மாற்றிவிட்டு, “தமிழ் மாறவில்லையே” என்று திட்டக் கூடாது.

அடுத்த கூட்டம்

அடுத்த மாதக் கூட்டம் நடந்த ஞாயிற்றுக்கிழமை நானும் அங்கே இருந்தேன். வேப்பமரத்தடியில் பாய் விரித்திருந்தார்கள். 14 பேரில் 13 பேர் வந்திருந்தார்கள். ஒருவருக்கு மகள் பிரசவம்.

பேரேடு நடுவில் இருந்தது. அக்கா செல்போனையும் திறந்தார். எழுத்துப் பலகை எழும்பவில்லை. மின்னும் கோடும் இல்லை. வரிகள் மட்டும் அமைதியாக நின்றன.

“தொட்டுப் பாரு” என்று நாத்தனார் பக்கம் நீட்டினார்.

நாத்தனார் முதலில் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். பிறகு ஆள்காட்டி விரலால் தன் பெயரின் மேல் ஒரு தட்டு தட்டினார். இலக்கத்தின் மேல் இரண்டு தட்டு. நகத்தால் சுரண்டியும் பார்த்தார். 1400 அசையவில்லை.

“இப்போ 900ன்னு எழுதணுமே, அண்ணி” என்று முந்தானை முடிச்சை அவிழ்த்து 500 ரூபாயை எடுத்து வைத்தார்.

அக்கா பணத்தை எண்ணிப் பேரேட்டில் மையால் எழுதினார். பிறகு செல்போனில் எழுதப் போனார். பென்சில் படம் எங்கே இருக்கிறது என்பது அந்தச் சமயத்தில் மறந்துவிட்டது. வலது மூலையா, இடது மூலையா என்று தேடிக்கொண்டிருந்தார். நான் சொல்ல வாயெடுத்தேன்.

“நீ சும்மா இரு தம்பி” என்றார். கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு தாமே கண்டுபிடித்தார்.